நீலத்தின் நடுவே ஒரு சைக்கிள்

எங்கள் ஊர்க் குளம் சர்க்கார் வரைபடத்தில் நீலமாக இருக்கிறது. நல்ல பளிச்சென்ற நீலம். வடமதுரைக்கும் அய்யலூருக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அவரை விதையைப் படுக்க வைத்தது போல ஒரு வடிவம். அந்த நீலத்தை அங்கே வைத்தவர் என் கணவர். வைக்கச் சொன்னவள் நான். இத்தனை வருஷம் இதை வீட்டுக்கு வெளியே சொன்னதில்லை. இனிமேல் என்னை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

உண்மையில் அந்தக் குளத்தில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும். மார்கழியில் நிற்கும். மாசியில் சேறு. பங்குனியில் ஆடு மேயும். சித்திரையில் வெள்ளரிக் கொடி ஓடும். அதுவும் மழை பெய்த வருஷத்தில். மழை பொய்த்தால் பன்னிரண்டு மாதமும் ஆடுதான். மேற்கே இருந்து ஊருக்கு வருகிறவர்கள் குளத்துக்குள் இறங்கி நேராக நடந்து, கரையேறி, ஊருக்குள் வந்துவிடுவார்கள். தண்ணீர் நிற்கும் இரண்டு மூன்று மாதம் மட்டும் வடக்கே சுற்றிக்கொண்டு வர வேண்டும். சுற்றினால் மூன்று மைல்.

இந்தக் குளத்தால் எங்கள் ஊருக்கு ஒரு பெரிய தலைகுனிவு இருந்தது. ஊரில் முப்பது தாண்டிய இளவட்டங்கள் ஆறேழு பேர் பெண் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணனும் அதில் ஒருவர். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு குடும்பம் அண்ணனுக்குப் பெண் கொடுக்க வந்தது. சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், எல்லாம் நன்றாகத்தான் போனது. கிளம்பும்போது அந்தப் பெண்ணின் அப்பா கரைமேல் ஏறி நின்று குளத்தைப் பார்த்தார். "ஏனுங்க, இதுல தண்ணியே நிக்காதுங்களா?" என்று கேட்டார். "எங்க புள்ளைக்குக் கொடம் சொமந்து பழக்கமில்லீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனவர்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்கள் சாப்பிட்ட இலைகளை நானே அள்ளிக்கொண்டு போய் வீசி எறிந்தேன்.

அதற்கு அடுத்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தை பிறந்தும் குளம் கரை தட்டி நின்றது. சொல்லி வைத்தது போல அந்தத் தையில்தான் சர்வேக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. மூன்று கால் பலகை ஒன்று, அதற்கு மேல் கோயில் குடை அளவுக்கு ஒரு வெள்ளைக் குடை, கொடி பிடிக்க இரண்டு ஆட்கள், நடுவில் ஒல்லியாக, தொப்பி வைத்துக்கொண்டு ஒருவர். அவர்தான்.

வந்தவரைப் பார்த்ததும் ஊரே பதுங்கியது. வரி போடத்தான் அளக்கிறார்கள் என்பது எல்லாருடைய முடிவு. கிணற்றைக் காட்டச் சொன்னால், கமலை கிறீச்சிடும் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே, "இந்தக் காட்டுல கெணறே கெடையாதுங்க" என்று சொன்னார்கள். தென்னந்தோப்பில் நின்றுகொண்டு "இது பொறம்போக்குங்க, யாரு வச்சதுன்னு தெரியாது" என்றார்கள். அவர் கோபிக்கவே இல்லை. சத்தம் வந்த திசையில் நடந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, பலகையில் ஒரு புள்ளி வைத்துவிட்டு வருவார். அவரோடு வந்த கொடிக்காரர் எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "இவரு லேசுப்பட்ட ஆளில்லம்மா. ஒரு பாறை இருக்கிற எடத்துக்காக மேலதிகாரியோட மூணு நாளு சண்ட. கடைசியில அவரையே வெயில்ல நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டி, சரின்னு சொல்ல வச்சுட்டுத்தான் விட்டாரு."

அளந்து முடித்த பிறகு, ஊரின் பெயர்கள், ஓடைகள், கோயில்கள், குளங்கள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி, மணியக்காரரிடம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அது அவர்கள் முறை. எங்கள் ஊர் மணியக்காரர் என் பெரியப்பா. அவருக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. வடமதுரைப் பள்ளியில் எட்டு வரை படித்தவள் நான் என்பதால், எந்தக் காகிதம் வந்தாலும் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார். அப்படி அன்றும் போய் உட்கார்ந்தேன். பதினெட்டு வயது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, வக்கீல் மாதிரி, வரிவரியாக வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. குளத்துக்கு நேராக ஓர் இடம் காலியாக இருந்தது. வருஷம் முழுக்கத் தண்ணீர் நின்றால்தான் வரைபடத்தில் நீலம் பூசுவார்களாம்.

"குளத்துல தண்ணி எத்தன மாசம் நிக்கும்?" என்று கேட்டார் சர்வேக்காரர்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"வருஷம் பூராவும் கெடக்கும்."

"கோடையிலயுமா?"

"சித்திரையில கூட ஆள் முங்கும்."

ஒட்டன்சத்திரத்துக்காரர் கரைமேல் நின்றது என் கண் முன்னால் இருந்தது. சர்க்கார் காகிதத்திலேயே தண்ணீர் இருக்கிறது என்று வந்துவிட்டால் அப்புறம் எந்த ஊர்க்காரன் வந்து என்ன கேட்டுவிட முடியும்? பெரியப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பூ விழுந்த கண்ணிலும் ஒரு சிரிப்பு தெரிந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டார். இருக்கும் தண்ணீரை ஊரே ஒளித்துக்கொண்டிருந்தபோது இல்லாத தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான் ஒருத்திதான்.

அவர் நம்பினார். பின்னால் கரைகொள்ளாமல் தண்ணீர் அலையடிக்கும்போது யார்தான் நம்பமாட்டார்? தவிர, அவர் அப்போது பட்டியலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாறைக்காக மூன்று நாள் சண்டை போட்டவர், குளத்துக்காக வேறு ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு பெயர் சரிபார்க்கிறேன் என்று மூன்று தடவை வந்தார். எங்கள் ஊரில் இருந்ததே மொத்தம் பதினாலு பெயர்.

அப்புறம் திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து அவருடைய அம்மா ஆள் அனுப்பினார். சாதியும் சரியாக இருந்தது, ஜாதகமும் சரியாக இருந்தது. ஒரு கார்த்திகையில் பெண் பார்க்க வந்தார்கள். தண்ணீர் இருந்ததால் வடக்கே சுற்றிக்கொண்டுதான் வந்தார்கள். அவருடைய தங்கையின் கல்யாணம் முடிய வேண்டும் என்று ஒரு வருஷம் தள்ளிப்போனது. கடைசியில் அதற்கு அடுத்த வைகாசியில், ஒரு புதன்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டுக்குள் முகூர்த்தம் வைத்தார்கள். பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தை எந்த மகராசன் குறித்துக் கொடுத்தானோ.

மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்து தங்கியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. கல்யாணத்தன்று காலையில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து, அந்தத் திருநீறு பூசிக்கொண்டுதான் மாப்பிள்ளை வாசல் தாண்டுவான் என்பது அவர்கள் வழக்கம். பேசி வைத்திருந்த பஸ் வரவில்லை. அவருடைய சிநேகிதர் ஒருவர், திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்த பாய், "நான் இருக்கேன்ல மாப்ளே" என்று தன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அய்யலூர்ச் சந்தையிலும் சுற்றுப்பட்டிலும் ஆட்டுத்தோல் ஏற்றுகிற லாரி. மூன்று தடவை கழுவி, சீயக்காய் போட்டுத் தேய்த்து, மல்லிகைப் பந்து பந்தாகக் கட்டி, ஊதுபத்தி கொளுத்தி வைத்தாராம். என் மாமியார் நாகல் நகரிலிருந்து வழி நெடுக எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லையாம்.

அச்சாகி வந்த புது வரைபடம் ஒரு வாரத்துக்கு முன்னால்தான் அவர் கைக்குக் கிடைத்திருந்தது. அதைச் சுருட்டிக் கையிலேயே வைத்திருந்தார். தாலிப் பெட்டி அவருடைய அம்மா மடியில் இருந்தது, மாப்பிள்ளை மடியில் மேப்பு.

இங்கே நாங்கள் காத்திருந்தோம். பந்தல் போட்டு, வாழை கட்டி, மேளக்காரர் வந்து இரண்டு தரம் காப்பி குடித்தாயிற்று. பத்து மணிவாக்கில் கரைமேல் நின்ற வாண்டுகள் "லாரி! லாரி!" என்று கத்தின. மேற்கே புழுதி எழும்பியது. நேராக வந்தது. எதிர்க்கரைக் கருவேலங்காடு வரை வந்தது. எங்கள் அம்மா ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பைக் கரைக்க ஆரம்பித்தாள்.

புழுதி அங்கே செத்த நேரம் நின்றது. அப்புறம் வடக்கே திரும்பி, குளத்தை விட்டு விலகிப் போக ஆரம்பித்தது.

"ஏலே, எங்க போறாக?"

"திரும்பிப் போறாகப்பு!"

இந்த ஒரு வார்த்தை கரையிலிருந்து பந்தலுக்கு வருவதற்குள் வளர்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மனசு மாறிவிட்டது என்றார்கள். லாரியிலிருந்து குதித்துவிட்டான் என்றார்கள். ஏற்கெனவே தொடுப்பு இருக்கிறது, அதுவும் இரண்டு என்று ஒரு பெரியம்மா சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

எனக்கு மட்டும்தான் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. அவர் குளத்தைச் சுற்றுகிறார். நான் ஊற்றி வைத்த தண்ணீரைச் சுற்றுகிறார்.

அங்கே நடந்ததைப் பிற்பாடு லாரிக்காரப் பாய் ஆயிரம் தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். தடம் நேராகக் கருவேலங்காட்டுக்குள் இறங்கியிருக்கிறது. "மாப்ளே, சக்கரத் தடம் தெரியுது. நேரா எறங்கிருவோம்" என்றாராம் பாய். இவர் மேப்பைப் பிரித்தாராம். "அது மாடு தண்ணி குடிக்கப் போற தடம். உள்ள ஆள் முங்குற தண்ணி. வடக்க திருப்பு." மரங்கள் மறைத்துக்கொண்டிருந்ததால் உள்ளே தண்ணீரா தரையா என்று தெரியவில்லை. "எறங்கி ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்றாராம் பாய். "பாக்க வேண்டியதில்ல, நானே அளந்தது" என்றாராம் இவர். லாரியில் அத்தனை பேர் இருந்தும் ஒருவர் கூடக் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. அளந்தவனே சொல்லும்போது யார் எதிர்த்துப் பேசுவது?

வடக்குத் தடமும் அவர் வரைந்த தடம்தான். ஆனால் அதில் தை மாதத்துக்குப் பிறகு யாரும் போவதில்லை. அந்த வருஷம் என் சித்தப்பா அந்தத் தடத்தையும் சேர்த்து உழுது வெங்காயம் போட்டிருந்தார். கல்யாணத்துக்குப் போகுமுன் ஒரு தண்ணீர் கட்டிவிடுவோம் என்று அன்று விடியற்காலையில்தான் பாய்ச்சியும் விட்டிருந்தார். லாரி அச்சு வரைக்கும் அதில் இறங்கியது.

புழுதி நின்றுவிட்டது. இப்போது கரையிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. பெரியப்பாவின் கைக்கடிகாரத்தை அப்பா வாங்கி வாங்கிப் பார்த்தார். பத்தே முக்கால். என் அண்ணன் ஆள் கூட்டிக்கொண்டு, புழுதி கடைசியாகத் தெரிந்த வடக்குப் பக்கமாகச் சுற்றுப் பாதையில் ஓடினார். மூன்று மைல் ஓடிப் போய்ச் சேர எப்படியும் முக்கால் மணி ஆகும். அம்மா அழுதாள். அப்போது என் தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பந்தக்கால் ஊண்டுன பொறகு பொண்ணு மணையில உக்காராமப் போகக்கூடாது. எதுக்கு அழுகுறீக? எம் மகன் இருக்கான்ல."

அவர் மகன் ஏற்கெனவே குளித்துப் புது வேட்டி கட்டியிருந்தான். கல்யாண வீட்டில் முறைமாப்பிள்ளை குளிப்பது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் அன்று அவன் தலையில் வழிந்த எண்ணெயைப் பார்த்ததும் எனக்குக் கொலைவெறி வந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கும் அவனுக்கும் ஆகாது. என் பாவாடையில் ஓணானைப் போட்டவன் அவன். அவன் காதைக் கடித்தவள் நான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கொல்லைப்புறத்தில் அலங்காரம் பண்ணி உட்கார்த்தி வைத்திருந்த என்னிடம் அவன் ஓடி வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஏ புள்ள, எங்கய்யா சொல்றதக் கேட்டியா?"

"கேட்டேன். எம் பக்கத்துல உக்காந்தா இன்னொரு காதும் போயிரும், பாத்துக்க."

"ஒன்னக் கட்டுறதுக்கு அந்தத் தண்ணியில்லாத கொளத்துல முங்கிச் செத்துரலாம் நான். ஒங்க ஆளு எங்கதான் போனான்?"

அவன் கையைப் பிடித்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், பொய் சொன்னதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வைக்கோல் படப்பில் சாய்ந்து சிரித்தான். நான் ஓர் உதை விட்டதும் தெளிந்தான்.

"சைக்கிள் இருக்கு. குறுக்க விட்டா கா மணியில போயிருவேன். சொல்லிக் கூட்டிட்டு வாரேன்."

"நீ சொன்னா நம்ப மாட்டாரு. அவரு மேப்பத் தவிர யாரையும் நம்ப மாட்டாரு. தண்ணி இருக்குன்னு சொன்ன ஆளு நேர்ல போயி இல்லன்னு சொல்லணும். மொறைப்படி நாந்தான் போகணும்."

"பட்டுச் சேலையோடயா?"

"பின்ன, கந்தலக் கட்டிக்கிட்டா மாப்ள பாக்கப் போவாக?"

இப்படித்தான், நடு மத்தியானம் நெருங்கும் வேளையில், அரக்குப் பட்டும் ஒட்டியாணமுமாக, முறைமாப்பிள்ளையின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணாகிய நான் கொல்லை வழியாக ஓடினேன்.

கரையிலிருந்து உள்ளே இறங்கும் சரிவில் சைக்கிள் பறந்தது. குளத்துத் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு வெடிப்புக்கும் நான் ஒரு சாண் எழும்பி விழுந்தேன். ஒட்டியாணம் இடுப்பைக் கடித்தது. தலையில் வைத்த பூ ஒரு பக்கமாகத் தொங்கியது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயத்தை மீறிச் சிரிப்பு வந்தது. என்ன செய்தும் அடக்க முடியவில்லை. பாதி வழியில் வெள்ளரிக் கொடி சக்கரத்தில் சுற்றி இரண்டு பேரும் குப்புற விழுந்தோம். முழங்கை சிராய்த்தது. அவன் எழுந்து வேட்டியைப் பார்த்து "போச்சே!" என்றான். கொடிக்குக் காவல் இருந்த கிழவி ஓடி வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஆளுக்கொரு பிஞ்சைக் கையில் கொடுத்தாள்.

அப்போதுதான் பின்னால் கூச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கரை முழுக்க ஆட்கள்.

"பொண்ணு ஓடிருச்சு! மாமா மகனோட ஓடிருச்சு!"

என் மாமா கரைமேல் குதித்தது இங்கிருந்தே தெரிந்தது. அவர் மகனுக்கே கட்டி வைக்கத்தானே போனார், அவன் எதற்கு ஓடுகிறான் என்று அவருக்குக் குழப்பம். இத்தனை பேர் எழுந்து ஓடுவதைப் பார்த்த மேளக்காரர், தாலி கட்டும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக் கெட்டிமேளத்தைப் போட்டுவிட்டார். அந்தப் பொட்டல் குளத்தின் நடுவில், கெட்டிமேளச் சத்தத்தில், வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் பறந்தோம்.

கருவேலங்காட்டைத் தாண்டி வடக்கே போனால் லாரி சாய்ந்து நின்றது. ஆண்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நின்று தள்ளினார்கள். பாய் முள் கிளைகளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார். என் மாமியார் எலுமிச்சம்பழத்தோடு மரத்தடியில் நின்றார். மாப்பிள்ளை, பட்டு வேட்டி சட்டையோடு, லாரி முகப்பில் மேப்பை விரித்து வைத்து விரலால் எதையோ அளந்துகொண்டிருந்தார்.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் வந்த திசையைப் பார்த்தார். மேப்பைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். அந்த மேப்புப்படி ஆள் முங்கும் தண்ணீரில் நாங்கள் சைக்கிள் விட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

"எது வழியா வாறீக?" என்று கேட்டார் பாய்.

"கொளத்துக்குள்ளதான்" என்றான் மாமா மகன். பாய் "யா அல்லா!" என்று கையிலிருந்த கிளையைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாமியார் சிரிக்கவில்லை. சிராய்த்த என் முழங்கையையும், தொங்கிய பூவையும், மண் அப்பிய பட்டையும் மேலிருந்து கீழே பார்த்தார். "இந்தப் பய யாரு?" என்றார்.

"நான் மொறமாப்ளங்க" என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு. "இவளக் கட்டிக்கச் சொல்லிருவாகளோன்னு பயந்து ஓடியாறேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

"இந்தக் கூத்த நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார் மாமியார். "மாப்ளயத் தேடிப் பொண்ணு வாரதாம், மொறமாப்ள கொண்டாந்து விடுறானாம். லாரி சேத்த விட்டு ஏறட்டும். ஏறுன ஒடனே திண்டுக்கல்லுப் பக்கம் திருப்பச் சொல்றேன்." அப்புறம் மகனிடம் திரும்பினார். "இம்புட்டுக்கும் காரணம் அந்தத் தண்ணி. கொளத்துல தண்ணி இருக்குன்னு ஒனக்கு யாருடா சொன்னது?"

பாய் கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் சொன்னதைச் செய்கிறவர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. நான்தான் சொன்னேன் என்று சொன்னால், பொய் சொல்லிக் கழுத்தை நீட்ட வந்தவள் என்று லாரியைத் திருப்பிவிடுவார். சொல்லாமல் விட்டால் அந்தப் பழி மாப்பிள்ளை தலையில் விழும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வாயைத் திறந்தேன்.

"யாரும் சொல்லலம்மா" என்றார் அவர். "நாந்தான் தப்பா எழுதிட்டேன். விசாரிக்காம எழுதிட்டேன். எந் தப்பு."

அந்தப் பலகைக்காரர், ஒரு பாறைக்காக மேலதிகாரியை வெயிலில் நடக்க வைத்தவர், ஒரு நூல் அளவு கூட விட்டுக்கொடுக்காதவர், இருபத்தைந்து பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவரைக்கும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். சர்க்கார் வேலை, பெரிய குடை, எல்லாவற்றுக்கும் மேலாக அவர் என் மாமா மகன் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆசை பொங்கியது. அத்தனை பேர் நிற்கும் இடத்தில் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கையில் வெள்ளரிப் பிஞ்சு இருந்ததால் பிடிக்கவில்லை.

மாமியார் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் எலுமிச்சம்பழத்தைத் தூர எறிந்தார்.

"என்ன எல்லாரும் வேடிக்கை பாக்குறீக? மணி என்ன ஆச்சு? தள்ளுங்கப்பா!"

அதற்குள் சுற்றுப் பாதையில் ஓடி வந்து சேர்ந்த அண்ணனும் ஆட்களும் தோள் கொடுக்க, லாரி ஒரு உறுமலோடு மேலே ஏறியது. மாமியார் என்னை முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வழி நெடுக என் தலைப்பூவைச் சரிசெய்தார். மாமா மகன் சைக்கிளில் முன்னால் வழி காட்ட, மல்லிகைப் பந்துகள் ஆட, தோல் நாற்றத்தோடு, லாரி குளத்தின் நடுவே ஓடியது. கரைமேல் நின்ற ஊர், ஓடிப்போன பெண் மாப்பிள்ளையோடும் மாமியாரோடும் லாரியில் திரும்பி வருவதைப் பார்த்து வாய் பிளந்து நின்றது. என்ன, ஏது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கூறைப் புடவையை நான் இரண்டு நிமிஷத்தில் சுற்றிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது. மேளக்காரர் இந்தத் தடவை மூன்று பேரிடம் கேட்டுவிட்டுத்தான் கெட்டிமேளம் போட்டார்.

திருத்தம் எழுதிப் போடச் சொல்லி நானே அவரை நச்சரித்தேன். எழுதினார். அடுத்த பதிப்பில் கவனிப்பதாக ஒரு கடிதம் வந்தது. அடுத்த பதிப்பிலும் நீலம் அப்படியேதான் இருந்தது. அது வருவதற்குள் என் அண்ணனுக்கும் மற்ற ஐந்து பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அதில் நீலத்துக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரியாது. பெரியப்பா மட்டும் அந்த மேப்பின் ஒரு நகலைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் ஆன வருஷம் ஆவணியில் ஒரு நாள் நானும் மாமியாரும் நாகல் நகர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பொய் எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மாமியார் என்னிடம் பிரியமாக இருக்க இருக்க அதிகமாகக் குத்தியது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, "அத்தை, கொளத்துல தண்ணி இருக்குன்னு அவுகளுக்குச் சொன்னது நாந்தான்" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே, அந்த மரத்தடியிலயே. மூணு வயசுல ஒரு செம்பு எங்க வச்சேன்னு கேட்டாக் கூடக் காலடி எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்லுவான் எம் மகன். அவன் விசாரிக்காம எழுதிட்டேன்னு சொன்னா நான் நம்பிருவேனா? நீ வாயத் தொறந்த, அவன் முந்திக்கிட்டான். பாத்துக்கிட்டுத்தான நின்னேன்."

"தெரிஞ்சுமா லாரியத் திருப்பாம விட்டீக?"

"அவன் எங்கிட்டச் சொன்ன மொதப் பொய் அதுதான். இருபத்தாறு வருசத்துல மொதப் பொய். அதுக்கப்புறம் லாரியத் திருப்பி நான் என்ன பண்ண? நீ அதுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்கு வந்துட்ட." உரித்த வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். "கண்ணத் தொடச்சுட்டு இத வதக்கு. வெஞ்சனம் ஆகல, அவன் வந்துருவான்."

வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்கலாம் போல அத்தனை கண்ணீர். ஆனால் நான் அப்போது சிரித்துக்கொண்டும் இருந்தேன். அவரும்தான்.